வேதாளம் திரைக்கு வந்த வழி

தமிழ்ப் பிள்ளைகள் படித்து வளர்ந்த மாயக்கதைத் தொடர்களில் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைவிட இருண்டது வேறில்லை. நள்ளிரவு, சுடுகாடு, முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பிணம், அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு உருவிய வாளோடு நடக்கும் அரசன், பிணத்துக்குள்ளிருந்து பேசும் வேதாளம். அம்புலிமாமா பத்திரிகையில் இந்தக் காட்சி மாதம் தவறாமல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோர் யாரும் பத்திரிகையைப் பிடுங்கி வைக்கவில்லை. ஆனால் அச்சில் இத்தனை எளிதாக நடமாடிய வேதாளம் வெள்ளித்திரைக்கு வரப் பட்ட பாடு பெரியது.

கதையின் பழைய வடிவம் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் சமஸ்கிருதத்தில் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. அதில் அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன். ஊர் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிஷ்டானம். துறவி ஒருவன் பத்தாண்டுகளாகத் தினமும் சபைக்கு வந்து ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒருநாள் அந்தப் பழத்தைக் குரங்கொன்று கடிக்க, உள்ளிருந்து ரத்தினம் விழுகிறது. பண்டசாலையில் பார்த்தால் பத்தாண்டுப் பழங்களும் அழுகி, ரத்தினங்கள் மட்டும் குவிந்து கிடக்கின்றன. இத்தனைக்கும் கைம்மாறாகத் துறவி கேட்பது, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் ஒரு பிணம். அரசன் அதைத் தூக்கிவரும் வழியில் வேதாளம் கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் பிணத்தோடு மரத்துக்குத் திரும்பிவிடும்.

பல முறை அப்படித் திரும்புகிறது. கடைசிக் கதையில் ஒரு தந்தை ஒரு பெண்ணையும், அவர் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணக்கிறார்கள். இரு தம்பதியர்க்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது கேள்வி. அரசனுக்கு விடை தெரியவில்லை. அந்த மௌனத்தில் மகிழ்ந்த வேதாளம்தான் துறவியின் திட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. அவன் அரசனை விழுந்து வணங்கச் சொல்லி, வணங்கும்போது பலியிடப் போகிறான். எப்படி வணங்குவதென்று நீயே செய்துகாட்டு என்று கேட்டு, குனிந்த தலையை வெட்டிவிடு என்கிறது. சுடுகாட்டில் அந்தத் துறவி எலும்புப் பொடியால் வட்டமிட்டு, இரத்தக் குடங்கள் வைத்துக் காத்திருந்ததையும் சோமதேவர் ஒளிக்கவில்லை. எழுதும்போது குழந்தைகளை அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

தமிழில் இந்தக் கதைகள் முப்பத்திரண்டு பதுமைகள் சொல்லும் விக்கிரமாதித்தன் கதையோடு கலந்தன. காடாறு மாதம் நாடாறு மாதம், மதிமந்திரி பட்டி, உச்சினி மாகாளி எல்லாம் சேர்ந்து, பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்றன. திண்ணையில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் புத்தகம் அது. கேட்பவரில் பாதி பிள்ளைகள்.

அதை முழுக்கப் பிள்ளைகளுக்கான தொடராக்கியது அம்புலிமாமா. 1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினர். பின்னாளில் அது பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. மூல நூலின் கதைகள் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் அளவுதான். ஆனால் மரம், பிணம், கேள்வி என்ற சட்டகத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் குழு புதிய கதைகளை எழுதிப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. 1950களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்த ஓவியர் கே. சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்ற பெயரில் வரைந்த தலைப்புச் சித்திரம்தான் இன்றும் பலர் மனதில் உள்ள வேதாளம். அரசனின் வலக்கையில் வாள். இடத்தோளில் துவண்டு கிடக்கும் உடல். சுற்றிலும் மண்டையோடுகள், பாம்பு, புகை. உற்றுப் பார்த்தால் அரசன் முகத்தில் பயமே இல்லை. பிள்ளைகளின் கண் முதலில் போவது அந்த முகத்துக்குத்தான். மிச்ச இருட்டைத் தாங்கிக்கொள்ள அது போதும். 2020 செப்டம்பரில் சங்கர் தம் 96ஆம் வயதில் காலமானபோது, செய்தியோடு ஏடுகள் வெளியிட்டதும் அந்தச் சித்திரத்தைத்தான்.

அம்புலிமாமா அலுவலகம் இருந்த வடபழனியில்தான் அதே உரிமையாளர்களின் விஜயா வாகினி ஸ்டுடியோவும் இருந்தது. ஒரு பக்கம் மாயக்கதை அச்சாகிறது, மறுபக்கம் மாயாஜாலப் படம் எடுக்கப்படுகிறது. இருந்தும் 1951இல் அவர்கள் எடுத்த பெரிய மாயாஜாலப் படம் வேதாளத் தொடர் அல்ல, ‘பாதாள பைரவி’. மதிர சுப்பன்ன தீட்சிதர் தெலுங்கில் எழுதிய ‘காசி மஜிலீ கதைகள்’ என்ற தொகுதியிலிருந்து எடுத்த கரு. அதுவும் தொடர்தான்: காசி யாத்திரை போகும் குரு சீடனுக்குத் தங்குமிடந்தோறும் சொல்லும் கதைகள். இயக்குநர் கே. வி. ரெட்டியும் எழுத்தாளர் பிங்கலி நாகேந்திரராவும் யாத்திரையையும் குருவையும் சீடனையும் அப்படியே விட்டுவிட்டு ஒரே ஒரு கதையை எடுத்தார்கள். அதில் அலாவுதீன் கதையின் சாயலையும் சேர்த்தார்கள்.

தோட்டக்காரர் மகன் ராமன் உஜ்ஜயினி இளவரசியைக் காதலிக்கிறான். நேபாள மந்திரவாதி ஒருவனுக்குக் கேட்டதைத் தரும் பாதாள பைரவியின் சிலை வேண்டும்; அதற்கு வீரன் ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும். பலியாக வந்தவன் சூழ்ச்சியைத் தெரிந்துகொண்டு மந்திரவாதியையே பலி கொடுத்துவிடுகிறான். சோமதேவரின் துறவிக்கு நேர்ந்ததும் இதுதான். எஸ். வி. ரங்காராவ் அந்த மந்திரவாதியாக வந்தார். தொங்கும் தாடி, நீட்டி இழுத்த பேச்சு, கண்ணில் ஒரு குறும்பு. பயமும் சிரிப்பும் ஒரே ஆளிடம் இருந்ததால் பிள்ளைகள் அவரைப் பார்த்து அலறவும் செய்தார்கள், வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டவும் செய்தார்கள். என். டி. ராமராவை நட்சத்திரமாக்கியது இந்தப் படம். ஆனால் உண்மையில் இது ரங்காராவின் படம்.

கணினி இல்லாத அந்தக் காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி போன்றவர்களின் தந்திரக் காட்சிகள் கேமராவுக்குள்ளேயே நடந்தன. லென்ஸின் ஒரு பாதியை மூடிப் படம் பிடிப்பது, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியில் இன்னொரு காட்சியைப் பிடிப்பது, கேமராவை நிறுத்தி ஆளை நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுவது. கொஞ்சம் பிசகினாலும் முழுச் சுருளும் வீண். ஆகவே எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு படத்துக்கு நல்லதையே செய்தது.

‘பாதாள பைரவி’ தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. தமிழ் வசனம் தஞ்சை ராமையாதாஸ். அந்த நாளில் சென்னைப் படங்களுக்கு இருமொழிப் பார்வையாளர் இயல்பாகவே அமைந்தனர். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் அந்த இருமொழிப் பரப்பு கண்ணுக்கே தெரியும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோட்டைக்குப்பம் பக்கம் தமிழ். வடக்கே போகப் போகத் தெலுங்கு. சந்தமாமாவும் அம்புலிமாமாவும் ஒரே ஏரியின் இரு கரையில் படிக்கத்தக்க ஒரே பத்திரிகை.

குழந்தைகளையும் இருட்டையும் பற்றிப் பேசுவதற்கும் பழவேற்காடு ஏற்ற ஊர். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் நுழைவாயிலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது கடைக்குப் போகும் வழியில் இருக்கும் கல். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டையே வீட்டு வாசலில் நின்று பார்க்கும் பிள்ளையை ஒரு எலும்புக்கூட்டைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. எந்தப் பயங்கர உருவமும் நாள்பட்டால் பழகிப்போகும். வேதாளக் கதையைப் படமாக்க நினைப்பவர் சறுக்கக்கூடிய இடமும் இதுதான்: பணத்தையும் உழைப்பையும் உருவத்தில் கொட்டிவிடலாம்.

தமிழில் வேதாளம், விக்கிரமாதித்தன் என்ற பெயர்களைத் தாங்கிய பழைய படங்கள் உண்டு. ஏவி. மெய்யப்பன் 1948இல் எடுத்த ‘வேதாள உலகம்’ பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. 1962இல் எம்.ஜி.ஆர். ‘விக்கிரமாதித்த’னாக நடித்தார். தொடர்கதையின் சட்டகத்தைத் திரையில் நிறுத்திய படங்கள் என்று இவற்றைச் சொல்ல முடியாது.

அந்தச் சட்டகத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. பத்திரிகையில் ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம் இடைவெளி. அரசன் மறுபடி மரமேறிப் பிணத்தை இறக்குவது அப்போது பழைய நண்பரைப் பார்ப்பதுபோல இருக்கும். தியேட்டரில் இரண்டரை மணி நேரத்துக்குள் பிணம் மூன்றாம் முறை பறந்தால் சிரிப்பு வரும், நான்காம் முறை பறந்தால் ஆட்கள் கேன்டீனுக்குப் போவார்கள். மேலும் வேதாளம் சொல்லும் கதைகளில் அரசனுக்குப் பங்கில்லை. யாரோ ஒரு வணிகன் மகள், யாரோ மூன்று அந்தண இளைஞர்கள். ஒவ்வொரு கதையிலும் புது ஆட்களை அறிமுகப்படுத்தி, பத்து நிமிடத்தில் அவர்களை மறந்துவிடச் சொல்வது சினிமாவுக்குக் கட்டுப்படியாகாத வேலை.

தொலைக்காட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. 1985இல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனில் ‘விக்ரம் அவுர் பேதாள்’ எடுத்தார். அருண் கோவில் அரசனாகவும் சஜ்ஜன் வேதாளமாகவும் நடித்தார்கள். வாரத்துக்கு ஒரு கதை, வாரத்துக்கு ஒருமுறை பறந்து போகும் வேதாளம். பத்திரிகையின் தாளகதி அப்படியே கிடைத்துவிட்டது. வெள்ளை முடி, கூர்மூக்கு, கெக்கலிப்பு கொண்ட அந்த வேதாளத்தை இன்று பார்த்தால் பள்ளி ஆண்டுவிழா வேடம் போலத் தெரியும். ஆனாலும் இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் நடித்த பலர் சாகரின் ‘ராமாயண’த்துக்குப் போனார்கள், அருண் கோவில் அதில் ராமர்.

வேறு மொழிகளில் பெரிய திரையிலேயே வழி கண்டவர்கள் உண்டு. வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி தம்முடைய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் 1915இல் எழுதிய கூபி, பாகா கதையை அவர் பேரன் சத்யஜித் ராய் 1969இல் படமாக்கினார். மகன் சந்தீப் பார்க்கக்கூடிய ஒரு படம் வேண்டும் என்பதே தூண்டுதல். காட்டில் துரத்தப்பட்ட இரண்டு அப்பாவிகள் முன் பேய்கள் ஆடும் காட்சி ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. அரசப் பேய்கள், வெள்ளைக்காரப் பேய்கள், தொந்திப் பேய்கள், ஏழைப் பேய்கள் என நான்கு கூட்டம். ஒரு வசனமும் இல்லை; ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தாளம். வங்காளப் பேய்கள் ஆடுவது மிருதங்கம், கஞ்சிரா, கடம் முதலிய நம் பக்கத்துத் தாளவாத்தியங்களுக்கு. பேய்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்கின்றன. பயமும் உண்டு, வேடிக்கையும் உண்டு, அடியில் ஒரு கசப்பும் உண்டு. படம் வெற்றி பெற்று ‘ஹீரக் ராஜார் தேஷே’ (1980), ‘கூபி பாகா ஃபிரே எலோ’ (1992) என்று தொடரானது.

மலையாளத்தில் 1984இல் ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட சாத்தானைப் பிள்ளைகள் விடுவிக்கிறார்கள், இசை இளையராஜா. கண்ணாடி அணிந்து பார்த்தவர்கள் திரையிலிருந்து நீளும் பொருளைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். அந்த வித்தைக்காகத்தான் கூட்டம் வந்தது. படம் பின்னாளில் வேறு மொழிகளில் திரும்பத் திரும்ப வெளியானதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டும்: அதில் சாத்தான் ஒரு குழந்தை, கொடியவன் ஒரு பெரியவன்.

வேதாளத் தொடருக்கு உரிய வழி கிடைத்தது 2017இல். புஷ்கர், காயத்ரி தம்பதியின் ‘விக்ரம் வேதா’ அந்த ஆண்டு ஜூலை 21இல் வெளியானது. பழைய கதையைச் சித்திர அசைவில் சொல்லித்தான் படமே தொடங்குகிறது. பிறகு மரமும் இல்லை, சுடுகாடும் இல்லை, வட சென்னை. என்கவுன்டர் போலீஸ்காரர் விக்ரமாக மாதவன். அவர் படையே தேடிக்கொண்டிருக்கும் ரவுடி வேதாவாக விஜய் சேதுபதி. கையில் வடையோடு சாவகாசமாக நடந்து வந்து, தானே சரணடைகிறான். விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்கிறான். பெரிய எழுத்துப் புத்தகம் கேட்டு வளர்ந்த தாத்தாவும் அதைத் தொட்டே பார்த்திராத பேரனும் அந்த இடத்தில் ஒன்றாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

முன்னவர்கள் விட்ட இடத்தை இந்தப் படம் எப்படிப் பிடித்தது என்பதை அந்த முதல் கதையிலேயே பார்க்கலாம். வேதாவின் தம்பி புள்ளியை, அவன் சிறுவனாக இருந்தபோது, ஒரு கும்பல் கடத்தல் வேலைக்குப் பயன்படுத்துகிறது, பின் கொடுமைப்படுத்துகிறது. கையில் கத்தி வைத்தவன் ஒருவன், வைக்கச் சொன்னவன் இன்னொருவன். யாரைக் கொல்வது நியாயம்? விக்ரம் யோசித்து, ஏவியவனை என்று விடை சொல்கிறார். உடனே அதே விடை அவர் மீதே திரும்புகிறது. புள்ளி என்கவுன்டரில் செத்திருக்கிறான். சுட்டவன் யார் என்று விக்ரமுக்குத் தெரியும், சுடச் சொன்னது யார்? வேதாளத்தின் கதைகள் யாரோ எவரோ பற்றியவை என்ற பழைய குறை இங்கே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கதையும் ஒரே மர்மத்தின் ஒரு துண்டு. ஒவ்வொரு விடையும் அடுத்த துப்பு. இருபத்தைந்து கதைகளை மூன்றாகக் குறைத்ததும் இதனால் குறையாகத் தெரியவில்லை.

விடை கிடைத்ததும் வேதாளம் மரமேற வேண்டுமே? வேதாவை ஜாமீனில் வெளியே எடுக்கிறார் ஒரு வழக்கறிஞர். அவர் விக்ரமின் மனைவி. பிணம் பறப்பதைவிட இது சூடான திருப்பம். கதையின் இருட்டும் எங்கும் போய்விடவில்லை. தொடக்க என்கவுன்டரில் ஆயுதமில்லாமல் செத்தவன் கையில் துப்பாக்கியை வைத்துவிட்டு, குறிப்பெழுதி முடிக்கிறது போலீஸ். சுடுகாட்டில் நடந்துபோன அரசனுக்கு எது நியாயம் என்பதில் சந்தேகமே வந்ததில்லை. இந்த விக்ரமுக்கு வருகிறது. கடைசியில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்க, யார் சுட்டார் என்று காட்டாமலே படம் முடிகிறது. கடைசிக் கேள்விக்கு விடையற்று அரசன் வாயடைத்து நின்ற மூலக்கதைக்கு, அம்புலிமாமாவின் எந்தக் கதையைவிடவும் இந்த முடிவுதான் நெருக்கமானது. அதே தம்பதி 2022இல் சைஃப் அலிகான், ஹிருத்திக் ரோஷனை வைத்து இந்தியிலும் எடுத்தார்கள்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. ‘விக்ரம் வேதா’ பெரியவர்கள் படம். அம்புலிமாமாவின் பத்து வயது வாசகர் அதில் இல்லை. கதையின் எலும்பு தப்பியது, அதன் வாசகர் கைவிடப்பட்டார். மேல்நாட்டுப் படநிறுவனங்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்தன. வாசகரைப் பிடித்துக்கொண்டு இருட்டைக் கழுவினார்கள். பிலிப் புல்மேனின் முத்தொகுதியிலிருந்து 2007இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ முதல் நூலின் கடைசி அத்தியாயங்களை வெட்டிவிட்டது. அங்கேதான் ஒரு சிறுவன் சாகிறான். அதை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த படம் வரவே இல்லை. 2019இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில்தான் அந்தக் கதை முழுதாகச் சொல்லப்பட்டது. லெமனி ஸ்னிக்கெட்டின் பதின்மூன்று நூல்களில் முதல் மூன்றை 2004இல் ஒரே படத்தில் அடைத்தார்கள். அதுவும் நின்றுபோய், 2017இல் நெட்ஃபிளிக்ஸில் தொடராக மீண்டது. ஹாரி பாட்டர் எட்டுப் படங்களும் தப்பித்ததற்குக் காரணம் எளிது: 2001இல் தொடங்கி 2011இல் முடியும்வரை நடிகர்களும் பார்வையாளர்களும் சேர்ந்தே வளர்ந்தார்கள், படம் ஒவ்வொன்றும் அவர்களுக்கேற்ப இருண்டது.

இந்தியாவில் இடைப்பட்ட வயதினருக்கான படத்துக்குத் தணிக்கையிலும் நெடுங்காலம் இடமில்லை. எல்லோருக்கும் ‘யு’, வயது வந்தோருக்கு ‘ஏ’, நடுவில் பெற்றோர் துணையோடு பார்க்க ஒரே ‘யு/ஏ’. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகாத பயமும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆகாத வன்முறையும் ஒரே பையில் விழுந்தன. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த நடுவகுப்பு ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பிணத்தைத் தோளில் சுமந்த அரசனின் கதையை அதன் பழைய வாசகர்களுக்கே எடுக்க விரும்பும் இயக்குநருக்கு, ஏழு வயதுக்கு மேல் என்ற சான்றிதழ் இப்போது சட்டத்தில் இருக்கிறது.